வெள்ளைத் தோலுக்கு கோப்பை குடுக்கறத நிறுத்துங்க: நாட்டு நாய் கண்காட்சி கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டி அண்ணாச்சிமாருக்கும், ரிங்குக்குள்ள நின்னு மார்க் போடுற ஜட்ஜுகளுக்கும்,

இந்த வருஷ கண்காட்சிக்கு நீங்க வாட்ஸப்ல அனுப்புன நோட்டீஸ் எனக்கும் வந்துச்சு. ராஜபாளையம் பிரிவுல "தூய பால் வெள்ளை, ரோஸ் மூக்கு மட்டுமே அனுமதி, உடம்புல வேற நிறம் இருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பப்படும்"னு போட்டிருக்கீங்க. போன வருஷம் வரைக்கும் புள்ளி இருந்தா மார்க் குறையும், அவ்வளவுதான், ரிங்குக்குள்ளயாச்சும் விடுவீங்க. இப்ப அதுவும் கிடையாது. இதை படிச்சுட்டு பேசாம இருக்க என்னால முடியல, நேராவே கேக்குறேன்: காது கேக்காத நாயை பெருக்குறதுக்கு எதுக்கு கோப்பை குடுக்குறீங்க?

எங்க வீட்ல தாத்தா காலத்துலேர்ந்து ராஜபாளையம் நாய்தான். மலையடிவாரத்துல மாந்தோப்பு, ராத்திரி பன்னி இறங்கும், சீசன்ல திருட்டு பயம் வேற, தோப்புக்கு காவல்னா நாய்தான். அதனால நான் சொல்றது படிச்சது மட்டும் இல்ல, தொழுவத்துல கண்ணால பார்த்ததும் சேர்த்துதான்.

போன ஈத்துல நடந்ததை சொல்றேன். அஞ்சு வாரக் குட்டிங்க, பால் குடிச்சுட்டு சாக்குல ஒண்ணு மேல ஒண்ணா படுத்து தூங்குதுங்க. என் தங்கச்சி சத்தம் இல்லாம பின்பக்கமா போயி எவர்சில்வர் தட்டுல கரண்டியால ஓங்கி ஒரு அடி அடிச்சா. எல்லாம் துள்ளி எழுந்துருச்சு. மொதல்ல எழுந்தது காதோரம் பிஸ்கட் கலர்ல ஒரு திட்டு இருந்த பொட்டைக்குட்டி. இன்னொண்ணு எழுந்து சுவத்தை பார்த்துகிட்டு நின்னுச்சு, சத்தம் எந்தப் பக்கம்னு அதுக்கு புடிபடல, ஒரு காது மட்டும் கேக்குற குட்டி இப்படித்தான் எதிர்ப்பக்கம் திரும்பும். அந்த ஈத்துலயே ரொம்ப அழகான குட்டி ஒரு கடுவன், மூக்கு, உதடு, கண்ணோரம் எல்லாம் ரோஸ், உடம்புல ஒரு பொட்டு கூட கலர் கிடையாது, அது மட்டும் எழுந்திருக்கவே இல்ல. வயிறு ஏறி எறங்குது, நிம்மதியா தூங்குது. பக்கத்துல இருந்தது மிதிச்ச பிறகுதான் கண்ணைத் தொறந்துச்சு. விளையாடும்போதும் அதுதான் வெறியா கடிக்கும், மத்த குட்டி வலியில கத்துறது அதுக்கு கேக்காதுல்ல, எப்ப விடணும்னே தெரியாது.

உங்க நோட்டீஸ்படி அந்தக் கடுவன் ரிங்குக்குள்ள வரலாம். மொதல்ல எழுந்த பொட்டைக்கு வாசல்லயே நோ என்ட்ரி.

இது ஏதோ எங்க வீட்டு நாய்க்கு மட்டும் வந்த கேடு இல்லன்னு உங்களுக்கே தெரியும். ராஜபாளையம் வளர்க்குற எந்த ஊருக்கு போனாலும், ஈத்துல "செவிட்டுக் குட்டி" உண்டான்னு கேட்டா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. காரணமும் மர்மம் கிடையாது. தோலுக்கும் முடிக்கும் நிறம் குடுக்குற மெலனோசைட்னு ஒரு செல்லு இருக்கு, அது காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி சுருண்டு கிடக்குற பாகத்துலயும் இருக்கணும். அங்க அது இருந்தாதான் சத்தத்தை பிடிக்கிற நுண்ணிய முடி செல்லுங்க உசுரோட இருக்கும். முழு வெள்ளை, முழு வெள்ளைன்னு பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்க்கும்போது இந்த செல்லு உடம்பு முழுக்க பரவாத நாயாத்தான் நாம தேர்ந்தெடுக்குறோம். சில குட்டிக்கு அது காது வரைக்கும் போய் சேரவே இல்ல. குட்டிக்கு காது தொறக்குறது ரெண்டு வாரம் வாக்குல, அடுத்த சில வாரத்துல அந்த முடி செல்லுங்க செத்துப்போகுது, போனது திரும்ப வராது. இதுக்கு வைத்தியம் இல்ல. இதை அல்பினோன்னு சொல்லிகிட்டு திரியுறவங்களும் இருக்காங்க, அதுவும் தப்பு. அல்பினோவுக்கு அந்த செல்லு இருக்கும், நிறத்தை உண்டாக்கத்தான் முடியாது. நம்ம நாய்க்கு செல்லே போய் சேரல.

திட்டு இருந்தா கட்டாயம் காது கேக்கும், வெள்ளையா இருந்தா கட்டாயம் கேக்காதுன்னு நான் சொல்ல வரல. முழு வெள்ளையில நல்லா காது கேக்குற நாய் எங்க தோப்புலயே இருக்கு. வெள்ளையை மட்டுமே பொறுக்குனா ஒவ்வொரு தலைமுறையிலயும் செவிட்டுக் குட்டியோட வாய்ப்பு ஏறிகிட்டே போகும்னுதான் சொல்றேன்.

இந்த இனத்துல வேற நிறமே வராதுன்னு புதுசா வாங்குறவங்க நினைக்குறாங்க, யூடியூப்ல அப்படித்தான் சொல்லிகிட்டு இருக்காங்க. வரும். கருப்பு, பிரவுன், திட்டு போட்டது எல்லாமே ராஜபாளையம் ஈத்துல வந்ததுதான். அதை எல்லாம் பொறந்த அன்னிக்கே கொன்னுட்டாங்க. ஜமீன் காலத்துலேர்ந்து வெள்ளை நாய் வாசல்ல நின்னாத்தான் கௌரவம்னு ஒரு நெனப்பு, அதுக்காக காது கேக்குற, ஓடுற, வேலை செய்யுற குட்டியை எல்லாம் கம்மாய்ல போட்டுட்டு, வெளுப்பா இருந்ததை மட்டும் வளர்த்தாங்க. அப்ப அவங்களுக்கு மெலனோசைட் பத்தி தெரியாது. உங்களுக்கு தெரியும், கமிட்டியில கால்நடை டாக்டருங்களே இருக்காங்க. தெரிஞ்ச பிறகும் அதே வேலையை நோட்டீஸ் அடிச்சு செய்யுறதுதான் எனக்கு தாங்கல.

"நாட்டு நாய் நம்ம பாரம்பரியம்"னு மைக்ல பேசுறீங்க, சரி, பாரம்பரியத்தையே பார்ப்போம். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்துல எடுத்தனூர்னு ஒரு ஊரு. அங்க ஒரு நடுகல் இருக்கு, 7-ம் நூற்றாண்டு, பல்லவ ராஜா மகேந்திரவர்மனோட 34-வது ஆட்சியாண்டுல வெச்சது. சண்டையில செத்த வீரனோட உருவம், பக்கத்துல அவன் நாயும் நிக்குது. அந்த நாய்க்கு பேரு கோவிவன். ரெண்டு கள்ளனுங்களை கடிச்சு அது காத்து நின்னதை கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. நாயோட பேரு இருக்கு, அது செஞ்ச வேலை இருக்கு. அது வெள்ளையா செவலையான்னு ஒரு எழுத்து கிடையாது. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நம்ம ஆளுங்க வீரனோட கல்லுலயே ஒரு நாயையும் பேரோட வெட்டி வெச்சது அது காவல் நின்னதுக்காக.

நம்ம பக்கத்து நாய் எல்லாமே அப்படி வேலையால உருவானதுதான். கரிசக்காட்டு வெயில்ல முயலுக்குப் பின்னாடி ஓடணும், அதுக்கு ஒட்டுன வயிறும் நீட்டு காலுமா சிப்பிப்பாறையும் கன்னியும் வந்துச்சு. தேனி பக்கம் பன்னியை மறிச்சு நிக்கணும், அதுக்கு கோம்பை. ராஜபாளையம் வேட்டைக்கும் போச்சு, வீட்டுக்கும் காவல் காத்துச்சு. 1972-ல வன உயிரின பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, வேட்டை தப்புன்னு ஆச்சு, அது சரியான சட்டம்தான், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா வேட்டை போனதோட நாயை தேர்ந்தெடுக்குற அளவுகோலும் போச்சு. முன்னாடி எல்லாம் ஓட்டம் இல்லாத, காது மந்தமான நாய் வேலைக்கு ஆகாது, அதுகிட்ட யாரும் குட்டி எடுக்க மாட்டாங்க, அந்த சோதனை தானா நடந்துகிட்டு இருந்துச்சு. இப்ப நாயை சோதிக்க மிச்சம் இருக்குற ஒரே எடம் உங்க ரிங்கு. அங்க போட்டு நீங்க பார்க்குறது தோல் கலரை.

இந்த வேலையை இங்கிலீஷ்காரன் நமக்கு முன்னாடியே செஞ்சு பார்த்துட்டான். 1859-ல நியூகாசில்ல மொத நாய் கண்காட்சி நடந்துச்சு, பாயின்டர், செட்டர்னு வேட்டை நாய்ங்க மட்டும்தான், ஜெயிச்சவனுக்கு துப்பாக்கி பரிசு. வேட்டை நாய்க்குத்தான் போட்டி, ஆனா வேட்டையாட விட்டு பார்க்கல, நிக்க வெச்சு பார்த்தாங்க. 1873-ல லண்டன்ல கென்னல் கிளப் வந்துச்சு, ஒவ்வொரு இனத்துக்கும் இப்படித்தான் இருக்கணும்னு ஸ்டாண்டர்ட், பதிவு எல்லாம் வந்துச்சு. அதுக்கு அப்புறம் நடந்ததை புல்டாக் மூஞ்சியில பார்க்கலாம். காளையோட சண்டை போட வளர்த்த நாய் அது, 1835-ல அந்த சண்டைக்கு தடை வந்துச்சு, வேலை போச்சு, அப்புறம் ரிங்குல அழகுன்னு மூஞ்சியை உள்ள தள்ளிகிட்டே போனாங்க. இன்னிக்கு அதுக்கு ஒழுங்கா மூச்சு விட முடியல, குட்டி போடணும்னா பெரும்பாலும் ஆபரேஷன். 2008-ல பிபிசி இதை எல்லாம் ஒரு டாக்குமென்ட்ரியா போட்டு கிழிச்ச பிறகு, அடுத்த வருஷமே கென்னல் கிளப் பல இனங்களோட ஸ்டாண்டர்டை திருத்துச்சு. யாரைப் பார்த்து நாம ரிங்கு, ஸ்டாண்டர்ட், ரிப்பன்னு கத்துகிட்டோமோ அவங்களே திருத்திக்கும்போது, நாம அவங்க பழைய தப்பை இப்ப புதுசா ஆரம்பிக்குறோம்.

வெள்ளை உடம்புல சின்னச் சின்ன புள்ளி போட்ட டால்மேஷியன் நாயோட கதைதான் நமக்கு ரொம்ப பக்கத்துல வருது, இதை ஜட்ஜுங்க கொஞ்சம் நிதானமா படிங்க. அமெரிக்காவுல லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி பேராசிரியர் ஜார்ஜ் ஸ்ட்ரெயின் ஆயிரக்கணக்கான டால்மேஷியனுக்கு காது டெஸ்ட் பண்ணி கணக்கு எடுத்தாரு. நூத்துக்கு 22 நாய்க்கு ஒரு காது கேக்கல, 8 நாய்க்கு ரெண்டு காதும் கேக்கல. அதுலயும், பொறக்கும்போதே பெரிய கருப்புத் திட்டோட வர்ற குட்டிக்கு செவிடு ரொம்ப குறைவு, நீலக் கண்ணு இருக்குற குட்டிக்கு அதிகம். ஆனா அந்த ஊரு ஷோ ஸ்டாண்டர்ட்ல திட்டு இருந்தா தகுதி நீக்கம். அதாவது நல்லா காது கேக்க வாய்ப்பு இருக்குற நாயை பார்த்து பார்த்து வெளிய அனுப்பியிருக்காங்க. உங்க நோட்டீஸ்ல இருக்குறதும் அதே வரிதான். பிரிட்டன்ல நீலக் கண்ணை குறைன்னு வெச்சு அதை இணை சேர்க்குறதை குறைச்சுகிட்டாங்க, அங்க செவிடும் கம்மி. ஒரு வரி ஸ்டாண்டர்ட் ஒரு இனத்தோட காதை கெடுக்கவும் முடியும், காப்பாத்தவும் முடியும்.

உங்க ரிங்கு சும்மா ஒரு நாள் திருவிழான்னு நினைச்சுராதீங்க. 2005-ல தபால் துறை ராஜபாளையத்துக்கு ஸ்டாம்ப் போட்டுச்சு, கர்னால்ல இருக்குற தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் பதிவு பண்ணுன மொத நாய் இனங்கள்ல ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கு, 2020 ஆகஸ்ட்ல பிரதமரே ரேடியோவுல பேரு சொன்னாரு. எல்லாம் பெருமைதான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அதுக்கு அப்புறம் வாங்க வந்த கூட்டத்துக்கு நாயைப் பத்தி தெரிஞ்சது எல்லாம் நீங்க கோப்பை குடுத்த போட்டோதான். "ஷோ வின்னரோட குட்டி"ன்னு இன்ஸ்டால போட்டா போதும், ஒரே கடுவனுக்கு சுத்துவட்டாரம் முழுக்க பொட்டையை கொண்டு வந்து விடுறாங்க, அதோட மகளையே அதுக்கு சேர்க்குறவங்களும் இருக்காங்க, ஏன்னா அந்த வெள்ளையும் அந்த மூக்கும் மாறிடக்கூடாதாம். சைதாப்பேட்டையில அரசாங்கமே நாட்டு நாய்க்குன்னு ஒரு பெருக்க யூனிட் வெச்சிருந்துச்சு, அது கோர்ட் வரைக்கும் போயி மூடியாச்சு. இப்ப இந்த இனம் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ற கையி உங்க கையிதான்.

விக்கிறவங்க 30 நாள்ல குட்டியை குடுத்துடுறாங்க. 2017-ல வந்த மத்திய அரசோட நாய் வளர்ப்பு விதிப்படி எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டியை விக்கவே கூடாது, வளர்க்குறவங்க பதிவு பண்ணியிருக்கணும், 18 மாசம் ஆகாத பொட்டையை சேர்க்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது. இதை யாரு பார்க்குறா? 30 நாள் குட்டி கூட்டத்தோட கூட்டமா எழுந்து ஓடும், காது கேக்கலன்னு வாங்குறவருக்கு எப்படி தெரியும்? வீட்டுக்கு போயி பேரு வெச்சு கூப்பிட்டு கூப்பிட்டு பார்த்து, திமிரு புடிச்ச நாயின்னு திட்டி, அடிச்சு, அப்புறம்தான் டாக்டர்கிட்ட போறாங்க.

அந்த நாய்க்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு நீங்க ஒரு தடவை பார்க்கணும். எங்க ஊர்ல டவுன்காரரு ஒருத்தரு வாங்கிட்டுப் போன நாய், அழகுன்னா அப்படி ஒரு அழகு. ஒரு நாள் மத்தியானம் திண்ணையில தூங்கிகிட்டு இருந்துச்சு, வீட்டுப் பையன் பின்னாடி வந்து கழுத்தை கட்டிப் புடிச்சிருக்கான், அது ஆள் வந்ததே தெரியாம திடுக்குன்னு முழிச்சு கையை கவ்விருச்சு. அது மேல என்ன தப்பு, அந்தப் பையன் மேல என்ன தப்பு? அன்னிக்கு சாயங்காலமே வேன்ல ஏத்தி பைபாஸ்ல எறக்கி விட்டுட்டாங்க. லாரி ஹாரன் கேக்காத நாயை பைபாஸ்ல விட்டா எத்தனை நாள் இருக்கும்? எங்க கடுவனை நாங்க குடுக்கல, வேலிக்குள்ளயே வெச்சிருக்கோம், கையால ஜாடை காட்டி பழக்கியிருக்கோம், கிட்ட போறதுக்கு முன்னாடி தரையில காலால தட்டுனா அதிர்வு தெரிஞ்சு திரும்பும். நல்ல நாயிதான், பாசம் கொட்டிக் கெடக்கு. ஆனா அதுகிட்ட குட்டி எடுக்க மாட்டோம். "இந்த மூக்குக்கு இதை சும்மா வெச்சிருக்கீங்களே"ன்னு பொட்டையை கூட்டிகிட்டு வர்றவங்களுக்கு பதில் சொல்லி மாளல. காது கேக்காதுன்னு சொன்னா, "அதனால என்ன, குட்டி வெள்ளையா வரும்ல"ங்குறாங்க. அந்தப் பேச்சுக்கு தைரியம் குடுக்குறதே உங்க ரிப்பன்தான்னு நான் நினைக்கிறேன்.

"கலரை விட்டுட்டா இனத்தோட அடையாளம் என்ன ஆகும், கண்டதும் கலந்துரும்"னு கமிட்டியில சிலரு சொல்றதா கேள்விப்பட்டேன். அந்த பயத்துல நியாயம் இருக்கு, கிரேட் டேனை கலந்துட்டு ராஜபாளையம்னு விக்கிறவங்க இருக்கத்தான் செய்யுறாங்க. ஆனா அதை கலரை வெச்சு தடுக்க முடியாது, கலப்புலயும் வெள்ளை வரும். நெஞ்சு ஆழம், முதுகு, காலு எலும்பு, தலை வாகு, நடை, காவல் குணம், இதை வெச்சுத்தான் இனத்தை சொல்லணும், தாய் தகப்பன் யாருன்னு எழுதுன நோட்டை வெச்சு சொல்லணும். பழைய ஆளுங்க இருட்டுல நாய் ஓடுற சத்தத்தை வெச்சே யாரு வீட்டு நாயின்னு சொல்லுவாங்க. வெள்ளை வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. வெள்ளை இருக்கட்டும், ஜெயிக்கட்டும், கூடவே மூக்குல கருப்பு விழுந்ததும், காதுல திட்டு இருக்குறதும் உள்ள வரட்டும், அதுங்க ரத்தம் இந்த இனத்துக்கு தேவைப்படுது.

நான் கேக்குறது இதுதான். மொதல்ல, அந்த நோட்டீஸ்ல நிறம் பத்தின வரியை எடுத்துட்டு திருத்தி அனுப்புங்க, கண்காட்சிக்கு இன்னும் நேரம் இருக்கு. திட்டோ புள்ளியோ கருப்பு மூக்கோ இருந்தா அனுமதி உண்டு, மார்க்கும் குறையாதுன்னு தெளிவா எழுதுங்க.

ரிங்குக்குள்ள வர்ற ஒவ்வொரு நாய்க்கும் காது பாருங்க. நாய்க்கு தெரியாம பின்னாடி இருந்து, ரெண்டு பக்கமும் தனித்தனியா சத்தம் குடுத்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா ஒரு காது மட்டும் கேக்குற நாயை இந்த மாதிரி சோதனையில முழுசா கண்டுபுடிக்க முடியாது, அதுக்கு மூளைக்கு சத்தம் போகுதான்னு பார்க்குற பி.ஏ.இ.ஆர். டெஸ்ட் வேணும், அஞ்சாறு வாரக் குட்டிக்கே எடுக்கலாம். நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலயும் சென்னை வேப்பேரி கல்லூரியிலயும் நாட்டு நாய்க்குன்னு மாசம் ஒரு நாள் இந்த டெஸ்டுக்கு ஒதுக்கச் சொல்லி கமிட்டி பேர்ல எழுதி கேளுங்க, நாங்க கேட்டா ஒரு மனு, நீங்க கேட்டா அதுக்கு ஒரு கனம் உண்டு. அந்த வசதி கிடைச்ச பிறகு, ரெண்டு காதும் கேக்குதுன்னு சர்டிபிகேட் இல்லாத நாய்க்கு சாம்பியன் பட்டம் குடுக்காதீங்க.

கோப்பை வாங்குன நாயோட தாய், தகப்பன், அதுங்களுக்கு தாய் தகப்பன் யாருன்னு பதிவேடு வைங்க, அப்பன் மகள் சேர்க்கையில வந்த நாயை பரிசுலேர்ந்து விலக்குங்க. ஈத்துல எத்தனை பொறந்துச்சு, எத்தனைக்கு காது கேக்கல, நிறத்துக்காக எதையாச்சும் ஒதுக்குனாங்களான்னு அதே நோட்டுல எழுத வைங்க. உண்மையை எழுதுறவங்களை அசிங்கப்படுத்தாதீங்க, அப்பதான் எல்லாரும் எழுதுவாங்க.

கண்காட்சி மைதானத்துல எட்டு வாரம் ஆகாத குட்டியை கூடையில வெச்சு விக்கிறதை அனுமதிக்காதீங்க, பதிவு நம்பர் இல்லாதவங்களுக்கு ஸ்டால் குடுக்காதீங்க, மைக்ல பேசும்போது இந்த விதிகளை ரெண்டு தடவை வாசிங்க.

ஜட்ஜ் மார்க் போடுற தாளை போட்டி முடிஞ்சதும் ரிங்குக்கு வெளிய ஒட்டுங்க. நடைக்கு எவ்வளவு, உடம்புக்கு எவ்வளவு, குணத்துக்கு எவ்வளவு, காதுக்கு எவ்வளவுன்னு நாயை கூட்டிட்டு வந்த எல்லாரும் பார்க்கணும். கமிட்டி கூடி பேசுறதா இருந்தா என்னையும், ஊர்ல இந்த நாய் வளர்க்குற மத்தவங்களையும் கூப்பிடுங்க, அந்தக் கடுவனையும் கூட்டிட்டு வர்றோம், நீங்களே பின்னாடி நின்னு கூப்பிட்டு பாருங்க.

இப்படிக்கு,
ராஜபாளையம் பக்கம் தோப்புக் காவலுக்கு நாட்டு நாய் வளர்க்குற குடும்பத்துலேர்ந்து ஒருத்தி